மனசு பாரமா இருக்கற நாள்லயும் செய்ய முடியற தினசரி பழக்கங்கள்: நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எனக்கு ஊரு பாலக்கோடு பக்கம். ஓசூர்ல ஒரு கம்பெனில ஆறு வருஷம் ஷிப்ட் வேலை பாத்தேன், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயந்தரம், ஒரு வாரம் நைட்டு. அஞ்சாவது வருஷம் நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, மூச்சு பத்தாத மாதிரி இருக்கும், சோறு எறங்காது, நைட்டு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சுன்னா விடியற வரைக்கும் கண்ணு மூடாது. ஹார்ட் தான்னு பயந்து ஈசிஜி எடுத்தேன், எக்கோ எடுத்தேன், எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டு நிம்மதி வரல, பயம்தான் ஜாஸ்தியாச்சு, ஏன்னா அப்போ இது என்னதான்னு யாரும் சொல்லல. மூணாவதா பாத்த ஒரு டாக்டரம்மா தான் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கறதுக்கு முன்னாடி "தூங்கறீங்களா தம்பி? நேரத்துக்கு சாப்பிடறீங்களா? யார்கிட்டயாச்சும் மனசு விட்டு பேசறீங்களா?"ன்னு கேட்டாங்க. மூணுக்கும் இல்லைன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டேன்.

அதுக்கப்புறம் மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் போச்சு, அதைப்பத்தி கடைசில சொல்றேன். இங்க முக்கியமா எழுத வந்தது அதுகூட சேத்து தினமும் நான் செஞ்ச, இப்பவும் செய்யற சின்ன சின்ன வேலைங்களை பத்தி. நம்ம ஊர்ல மனசு சரியில்லன்னு சொன்னா "தைரியமா இரு", "யோகா பண்ணு", "கண்டதை யோசிக்காத"ன்னு சொல்லுவாங்க, யாரும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, ஆனா அதை எப்படி செய்யறதுன்னு ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. நானும் கேட்டுட்டு நாளைலேர்ந்து அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஒரு மணி நேரம் நடக்கணும்னு முடிவு பண்ணுவேன், மூணு நாள் நடப்பேன், நாலாவது நாள் எந்திரிக்க முடியாது, "இதைக்கூட செய்ய துப்பில்லாதவன்"னு என்னையே திட்டிக்குவேன். இது ஒரு தடவை இல்ல, ஏழெட்டு தடவை நடந்துச்சு.

தப்பு எங்கன்னா, மனசு நல்லா இருக்கற நாள்ல பழக்கத்தோட அளவை முடிவு பண்ணேன். மனசு சரியில்லாத நாளுக்குதான் அந்த பழக்கம் வேணும், அன்னைக்கு ஒரு மணி நேர நடை எங்க முடியும்? அதனால கீழ சொல்ற முதல் அஞ்சு படிக்கும் ரெண்டு அளவு வச்சிருக்கேன், ஒண்ணு சாதாரண நாளுக்கு, இன்னொண்ணு கெட்ட நாளுக்கு. கெட்ட நாள் அளவுங்கறது படுத்த படுக்கையா இருக்கறவர் கூட செய்யற அளவுக்கு சின்னதா இருக்கணும். அதை மட்டும் விடாம செய்யுங்க, மீதி தன்னால சேந்துக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம்: காலண்டர் தாள்

உடனே எதையும் மாத்தாதீங்க. வீட்டு செவுத்துல தினசரி காலண்டர் தொங்குதில்ல, அதுல கிழிக்கற தாளை குப்பைல போடாம அது பின்பக்கத்துல நாலு விஷயம் மட்டும் எழுதுங்க: எத்தனை மணிக்கு படுத்தேன், எத்தனை மணிக்கு எந்திரிச்சேன், எத்தனை வேளை சாப்பிட்டேன், மனசு பத்துக்கு எத்தனை. முடிஞ்சா யார்கிட்ட பேசினேன்னும் ஒரு வார்த்தை. ஒரு நிமிஷ வேலை. ஏழு தாளை வரிசையா அடுக்கி பாத்தா உங்களுக்கே புரியும், எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது, மனசுக்கு ரெண்டு மூணுன்னு மார்க் போட்ட நாள் எல்லாமே அதுக்கு முந்தின ராத்திரி நாலு மணி நேரம் கூட தூங்காத நாள். அதுவரைக்கும் மேனேஜர் திட்டினதால, சம்பளம் லேட்டானதால தான் அப்படி இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு தெரியும். சிலருக்கு சாப்பாடு, சிலருக்கு தனிமை, சிலருக்கு குடிச்ச அடுத்த நாள். உங்க தாள் எதை காட்டுதோ அந்த படியில இருந்து ஆரம்பிங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்க வேண்டாம், ஒரு படிக்கு ரெண்டு வாரம் குடுங்க.

படி 1: எந்திரிக்கற நேரத்தை முதல்ல கட்டுங்க

எல்லாரும் "சீக்கிரம் படு"ன்னு சொல்லுவாங்க. தூக்கம் நம்ம கையில இல்ல, படுத்தா வரும்னு உத்தரவாதமும் இல்ல. ஆனா எந்திரிக்கறது நம்ம கையில இருக்கு. அதனால ஒரு நேரத்தை முடிவு பண்ணுங்க, ஆறரைன்னா ஆறரை, ஞாயித்துக்கிழமையும் அதேதான். நைட்டு மோசமா தூங்கினாலும் அதே நேரம் எந்திரிச்சா அடுத்த ராத்திரி தூக்கம் கொஞ்சம் முன்னாடி வரும், ரெண்டு வாரத்துல உடம்பு பழகிக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாச்சும் தூக்கம் வேணும், ஆனா அந்த ஏழை நெனச்சுகிட்டு படுக்காதீங்க, மணியை பாத்துட்டே இருந்தா வர்ற தூக்கமும் போயிடும்.

படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு வெளிய வந்துடுங்க. மங்கல் வெளிச்சத்துல உக்காருங்க, துணி மடிங்க, பூண்டு உரிங்க, கண்ணு சொருகும்போது போய் படுங்க. இது தூக்கம் வராதவங்களுக்கு டாக்டருங்க சொல்லித்தர்ற முறை, படுக்கைன்னாலே முழிச்சு கிடக்கற இடம்னு மூளை பழகிட கூடாதுங்கறதுதான் இதுல விஷயம். நான் இந்த ஒண்ணை நம்பவே இல்ல, மூணு வாரம் கழிச்சுதான் வித்தியாசம் தெரிஞ்சுது.

மெடிக்கல் ஷாப்ல பழக்கத்துல தூக்க மாத்திரை வாங்கி போடறது வேண்டவே வேண்டாம். அது டாக்டர் எழுதி குடுத்து, அவர் சொன்ன நாளைக்கு மட்டும் போட வேண்டியது.

கெட்ட நாள் அளவு: அதே நேரத்துக்கு எந்திரிச்சு, பாயை விட்டு வந்து திண்ணையிலயோ சேர்லயோ உக்காந்தா போதும். ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.

படி 2: வெளிச்சம், அப்புறம் நடை

எந்திரிச்சதும் போனை எடுக்கறதுக்கு முன்னாடி வாசலுக்கு வாங்க. காலை வெளிச்சம் கண்ணுல பட்டாதான் மூளைக்குள்ள இருக்கற கடிகாரம் அன்னைக்கு நாளை ஆரம்பிக்கும், ராத்திரி தூக்கத்துக்கான மெலடோனின்ங்கற ஹார்மோன் எப்போ சுரக்கணும்ங்கறதும் அதை வச்சுதான். மேகமா இருந்தாலும் வீட்டு டியூப்லைட்டை விட வெளிய வெளிச்சம் பல மடங்கு ஜாஸ்தி. எங்க ஆயா விடியற நேரத்துல வாசல் தெளிச்சு கோலம் போட்டு பத்து நிமிஷம் திண்ணைல உக்காந்து எதிர்வீட்டு அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுதான் அடுப்பாண்ட போவாங்க, இப்போ அபார்ட்மெண்ட்லயும் லைன் வீட்லயும் அது போயிடுச்சு, அதை வேற மாதிரியாச்சும் திரும்ப கொண்டு வரணும்.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரை மணி நேரம், பேச முடியணும் பாட முடியாது அந்த வேகம். தர்மபுரில ஸ்டேடியம் இருக்கு, கிருஷ்ணகிரில இருக்கறவங்களுக்கு லீவு நாள்ல கேஆர்பி டேம் பக்கம், கிராமத்துல இருக்கறவங்களுக்கு ஏரிக்கரை. தனியா தினமும் ஒரு இடம் தேடி போகணும்னு இல்ல, பால் ஊத்த சொசைட்டிக்கு வண்டில போறதை நடந்து போனா அதுவே நடை, பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடி எறங்கினா அதுவே நடை. புதுசா நேரம் ஒதுக்கினா அது ஒரு வாரத்துல விழுந்துடும், ஏற்கனவே செய்யற வேலையோட கட்டினா நிக்கும்.

கொல்லில, அதாவது வயக்காட்டுல, நாள் பூரா வேலை செய்யறவங்க, கட்டட வேலைக்கு போறவங்க இதை படிச்சிட்டு "இன்னும் நடக்கணுமா"ன்னு நெனைக்க வேண்டாம், உங்க உடம்பு தேவைக்கு மேலயே அசையுது. உங்களுக்கு கொறையறது ஓய்வு. மத்தியானம் சாப்பிட்டுட்டு புளியமர நிழல்ல இருபது நிமிஷம் கண்ணை மூடறதுதான் உங்களுக்கு இந்த படி.

கெட்ட நாள் அளவு: வாசல்ல நின்னு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற நேரம்.

படி 3: சாப்பாடும் டீயும்

மனசு சரியில்லாதப்போ முதல்ல போறது பசி, இல்லன்னா கண்டதை திங்கற பழக்கம் வரும். இதுல பெரிய டயட் எல்லாம் தேவையில்ல, மூணு வேளை, கிட்டத்தட்ட அதே நேரம், அவ்வளவுதான். ஒரு வேளையை விட்டா கை நடுங்கும், படபடப்பு வரும், எரிச்சல் வரும், ஏற்கனவே பயந்த மனசுக்கு அது அட்டாக் மாதிரியே தெரியும். எனக்கு வந்த பாதி படபடப்பு காலைல வெறும் டீயோட பஸ் ஏறினதால வந்ததுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

நம்ம ஊரு சாப்பாடே இதுக்கு போதும். களியும் கீரை கடைசலும், கொள்ளு ரசமும், சாமை சோறும், மோர் ஊத்தின ராகி கூழும் வயித்துல நிதானமா நிக்கும். காலைல சமைக்க தெம்பு இல்லாத வீட்டுல முந்தின நாள் களியை கரைச்சு மோர் ஊத்தி குடிச்சா அது முழு சாப்பாடு. முட்டை, பால், தயிர், மீன் அப்பப்போ சேத்துக்கோங்க, பி12 வைட்டமின் செடில கிடைக்காது, அது கொறைஞ்சாலும் சோர்வு, மறதி, மனசு சோர்வு எல்லாம் வரும். அதே மாதிரி தைராய்டு, ரத்தசோகை கூட மனசோர்வு மாதிரியே காட்டும், அதனால ரொம்ப நாளா சோர்வா இருந்தா ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணி பாத்துடுங்க. குறிப்பா பொம்பளைங்க.

டீயை பத்தி சொல்லியே ஆகணும். நாம குடிக்கற காஃபின்ல பாதி உடம்பை விட்டு போகவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும். சாயந்தரம் ஆறு மணிக்கு பேக்கரில நின்னு ஒரு டீ, எட்டு மணிக்கு இன்னொரு டீன்னா பதினோரு மணிக்கு தூக்கம் எப்படி வரும்? நாலு மணிக்கு மேல டீ காபி நிறுத்தி பாருங்க, பேக்கரிக்கு போறதை நிறுத்தாதீங்க, அங்க கிடைக்கற பேச்சு வேணும், சுக்கு மல்லி காபியோ பாலோ வாங்கிக்கோங்க.

கெட்ட நாள் அளவு: வாழைப்பழம் ஒண்ணு, இல்ல ஒரு டம்ளர் மோர். நேரத்துக்கு.

படி 4: ஒரு நாளைக்கு ஒரு வேலை

மனசு விழுந்து கிடக்கறப்போ நாம நெனைப்போம், மூடு வரட்டும் செய்யலாம்னு. அது வராது. செஞ்சாதான் மூடு வரும், அது தலைகீழா நடக்கற விஷயம், மனோதத்துவத்துல இதுக்குன்னே ஒரு சிகிச்சை முறை இருக்கு, சின்ன சின்ன செயல்களை அட்டவணை போட்டு செய்ய வைப்பாங்க. நீங்க வீட்டுலயே செய்யலாம்: தினமும் ராத்திரி காலண்டர்ல அடுத்த நாளுக்கு ஒரே ஒரு வேலை எழுதுங்க. கரண்ட் பில் கட்டறது, சட்டைக்கு பட்டன் வைக்கறது, ரோஜா செடிக்கு தண்ணி. அதோட மனசுக்கு பிடிச்சது ஒண்ணு, பழைய பாட்டு கேக்கறது, ஆட்டுக்குட்டியை கொஞ்சறது, பையன் கூட கேரம். முடிஞ்சதும் டிக் அடிங்க. அந்த டிக் மனசுக்கு என்ன செய்யும்னு செஞ்சு பாத்தவங்களுக்குதான் தெரியும்.

குளிக்கறதையும் இதுல சேக்கறேன். மனசோர்வுல குளிக்கறதே மலை ஏறற மாதிரி இருக்கும், வெளிய இருந்து பாக்கறவங்க சோம்பேறின்னு சொல்லுவாங்க, அவங்களுக்கு புரியாது. சனிக்கிழமை எண்ணெய் குளியலை மட்டும் விடாதீங்க, ஒகேனக்கல்ல மசாஜ் பண்ற அண்ணனுங்க மாதிரி இல்லாட்டியும் நம்ம கையால தலைக்கு சூடா எண்ணெய் வச்சு தேய்ச்சு, சீயக்காய் போட்டு குளிச்சு, வெயில்ல தலை காய வைக்கற அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

கெட்ட நாள் அளவு: முகம் கழுவி, போட்டிருக்கற சட்டையை மாத்தறது.

படி 5: ஒரு ஆள்

நிறைய பேர் வேணாம், ஒரு ஆள் போதும். யார்கிட்ட "நல்லா இல்ல"ன்னு சொன்னா அறிவுரை சொல்லாம கேப்பாங்களோ அவங்க. எனக்கு என் சித்தப்பா பையன். அவன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன், "டேய் நான் போன் பண்ணா எனக்கு வழி சொல்லாத, ம்ம்னு கேளு, அது போதும்"னு. இப்படி வாய்விட்டு கேக்கறது முக்கியம், இல்லன்னா பாசத்துல அவங்க உடனே அறிவுரை ஆரம்பிச்சுடுவாங்க.

ஆம்பளைங்களுக்கு இது ரொம்ப கஷ்டம். பெங்களூர்ல கட்டட வேலைக்கு போய் வாரம் ஒரு தடவையோ மாசம் ஒரு தடவையோ வீட்டுக்கு வர்றவங்க எங்க ஊர்ல நிறைய, தகர ஷெட்டுல பத்து பேரோட படுத்தாலும் பேச ஆள் இருக்காது, வீட்டுக்கு போன் பண்ணா "பணம் வந்துச்சா, குழந்தை ஸ்கூல் போச்சா" அதோட முடிஞ்சுது. அதே போன்ல இன்னும் ரெண்டு நிமிஷம் சேத்து இன்னைக்கு என்ன சாப்பிட்டேன், எதை பாத்தேன்னு சொல்லுங்க, பெரிய விஷயம் பேச வாய் பழகறது இந்த சின்ன விஷயத்துலதான்.

கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க ஜாஸ்தி, வெளிய தமிழ்ல நல்லா பேசுவாங்க, ஆனா மனசுல இருக்கறது அம்மா பேசின மொழிலதான் வெளிய வரும். அதுக்கும் ஆள் தேடிக்கோங்க.

பேசவே பிடிக்காத நாள்ல சும்மா கூட்டத்துல போய் உக்காருங்க. சந்தைல ஒரு சுத்து, ஊர்ல பாரத கூத்து போட்டா ஒரு மூலைல போர்வையை போத்திட்டு ஒரு மணி நேரம். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோவில்ல பூசணிக்கா விளக்கு போட போறவங்களை பாத்திருக்கேன், போறப்போ இருந்த முகம் வர்றப்போ இருக்கறதில்ல. நம்பிக்கை இருந்தா போங்க. ஆனா குறி கேட்டோம், தாயத்து கட்டியாச்சுன்னு டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல.

கெட்ட நாள் அளவு: அந்த ஒரு ஆளுக்கு ஒரு மெசேஜ், "இன்னைக்கு சரியில்ல". பதில் கூட வேண்டாம்.

படி 6: கவலைக்குன்னு ஒரு நேரம்

சில கவலை நெசமானது. பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி விலை விழுந்தா பறிக்கற கூலி கூட வராது, மாங்காய்க்கு ஃபேக்டரி விலை இறங்கினா வருஷம் பூரா போட்ட காசு போச்சு. மூச்சுப்பயிற்சி பண்ணா கடன் அடையும்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்களையும் நம்பாதீங்க. ஆனா மூணு ராத்திரி தூங்காத தலையோட பேங்க் மேனேஜர்கிட்ட பேசறதுக்கும், தூங்கின தலையோட பேசறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு, இந்த பழக்கமெல்லாம் அந்த தலையை காப்பாத்தறதுக்கு.

செய்ய வேண்டியது இதுதான். சாயந்தரம் ஆறு மணிக்கு இருபது நிமிஷம் நோட்டோட உக்காருங்க. கடன் இருந்தா யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எப்போ தரணும் எல்லாத்தையும் எழுதுங்க. தலைக்குள்ள இருக்கறப்போ அது மலை மாதிரி தெரியும், பேப்பர்ல வந்ததும் ஏழு வரி. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "நாளைக்கு நான் செய்யக்கூடியது" ஒண்ணு எழுதுங்க, செய்யறதுக்கு ஒண்ணும் இல்லன்னா "இல்ல"ன்னு எழுதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அதே கவலை வந்தா "நாளைக்கு ஆறு மணிக்கு உன்னை பாக்கறேன்"னு சொல்லிட்டு திரும்பி படுங்க. முதல் வாரம் கேக்காது, அப்புறம் கேக்கும். லோன் ஆப்ல வாங்கிட்டு போட்டோவை அனுப்பி மிரட்டறாங்கன்னா அது உங்க அவமானம் இல்ல, 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் குடுங்க, வீட்டுலயும் அன்னைக்கே சொல்லிடுங்க.

பணம் இல்லாம வேற பழைய வலி ஏதாச்சும் இருந்தா அதையும் எழுதலாம். பென்னபேக்கர்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1986ல வெளியிட்ட ஆய்வுல காலேஜ் பசங்களை நாலு நாள் தொடர்ந்து, தினமும் 15 நிமிஷம், மனசுல இருக்கற பெரிய காயத்தை எழுத சொன்னார். எழுதி முடிச்ச உடனே பாரம் ஜாஸ்தியாதான் இருந்துச்சு, ஆனா காயத்தோட அதனால வந்த உணர்ச்சியையும் சேத்து எழுதினவங்க அடுத்து வந்த மாசங்கள்ல ஹெல்த் சென்டருக்கு போனது குறைஞ்சுது. எழுத்துப்பிழை, அழகு எதையும் பாக்காதீங்க, எழுதினதை கிழிச்சு அடுப்புல போட்டுடலாம். எழுத எழுத தாங்க முடியலன்னா நிறுத்திடுங்க, அது கவுன்சிலர் பக்கத்துல உக்காந்து எடுக்க வேண்டிய விஷயம்.

படி 7: படபடப்பு வர்றப்போ

நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. அஞ்சு நிமிஷம். விடற மூச்சு நீளமா இருந்தா இதயத் துடிப்பு தணியும், அதுதான் இதுல இருக்கற சூட்சுமம். படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துல உச்சத்துக்கு போய் அப்புறம் எறங்கிடும். நல்லா இருக்கறப்போவே பஸ்ல உக்காந்து பழகிக்கோங்க, கஷ்டத்துல புதுசா கத்துக்க முடியாது. புதுசா நெஞ்சுவலி வந்தா மட்டும் மனசுன்னு நீங்களே முடிவு பண்ணாம முதல்ல ஆஸ்பத்திரி.

படி 8: போனும் குடியும்

போனை படுக்கற ரூமுக்கு வெளிய சார்ஜ் போடுங்க. அலாரத்துக்கு ஒரு சின்ன டைம்பீஸ் வாங்கிக்கோங்க. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

குடியை பத்தி நெறைய சொல்லணும். தூக்கம் வரலைன்னு கட்டிங் போடறவங்களை எனக்கு தெரியும், நானும் ஒரு வருஷம் அப்படித்தான். சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான், ஆனா நடுராத்திரில தூக்கத்தை உடைச்சு எழுப்பிவிடும், அடுத்த நாள் காலைல படபடப்பும் மனசோர்வும் முந்தின நாளை விட ஜாஸ்தியா வரும், அதை அமுக்க சாயந்தரம் திரும்ப குடி. அது மூளையோட வேலையை மந்தப்படுத்தற பொருள், மனசோர்வுக்கு மருந்தாகாது. தினமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு தானா நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு, குழப்பம்னு உயிருக்கே ஆபத்து வரலாம், அதனால டாக்டர் பார்வைல நிறுத்துங்க.

ஷிப்ட் போறவங்களுக்கு தனியா

நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ தொப்பி, கூலிங் கிளாஸ் போட்டு வெளிச்சத்தை கொறைங்க, வந்ததும் ரூமை இருட்டாக்கி படுங்க, ஜன்னலுக்கு கறுப்பு துணி. ஷிப்ட்டோட முதல் பாதில மட்டும் டீ. வீட்டுல இருக்கறவங்ககிட்ட "மூணு மணி வரைக்கும் யாரும் எழுப்ப கூடாது"ன்னு சொல்லி கதவுல எழுதியே ஒட்டுங்க, நம்ம ஊர்ல பகல்ல தூங்கறவனை எழுப்பறது தப்புன்னு யாருக்கும் தோணாது. தூக்க கலக்கத்துல பைக்கை எடுத்துட்டு ஹைவேல வராதீங்க, கம்பெனி பஸ் இருந்தா அதுல வாங்க.

விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு சமைச்சு வச்சுட்டு கம்பெனி பஸ் ஏறி, சாயந்தரம் வந்து திரும்ப அடுப்பாண்ட நிக்கற அக்கா தங்கச்சிங்களுக்கு மேல சொன்னதுல பாதியை செய்ய நேரமே இல்லன்னு எனக்கு தெரியும். அதனால இந்த வரி வீட்டு ஆம்பளைங்களுக்கு: ராத்திரி பாத்திரத்தை நீங்க கழுவுங்க, அந்த அரை மணி நேரம் அவங்களோடது. பிரசவம் ஆகி ரெண்டு வாரத்துக்கு அப்புறமும் ஒருத்தி அழுதுட்டே இருந்தா, குழந்தை மேல ஒட்டுதல் வரலன்னு சொன்னா, திமிருன்னு பேசாதீங்க, அது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனசோர்வா இருக்கலாம், சிகிச்சை இருக்கு.

இதெல்லாம் பத்தாதுன்னு எப்போ தெரிஞ்சுக்கறது

ரெண்டு வாரத்துக்கு மேல, பெரும்பாலான நாள், மனசு விழுந்தே கிடக்கு, எதுலயும் ஆசையில்ல, தூக்கமோ பசியோ கெட்டுப்போச்சு, வேலைக்கு போக முடியலன்னா இந்த பழக்கங்களை மட்டும் நம்பி இருக்காதீங்க. காதுல குரல் கேக்குது, யாரோ எனக்கு செய்வினை வைக்கறாங்கன்னு உறுதியா நம்பறாங்கன்னா ரெண்டு வாரம் கூட காத்திருக்க வேண்டாம். சாகணும்னு நெனப்பு வந்தா அன்னைக்கே, அந்த மணி நேரமே சொல்லுங்க. 14416 டெலி மானஸ்ங்கற மனநல உதவி போன் நம்பர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாத்துலயும் பேசலாம். தமிழ்நாட்டு அரசோட 104ம் இருக்கு. வீட்டுல யாராச்சும் அப்படி இருக்காங்கன்னா பூச்சி மருந்தை கொல்லி வீட்டுல திறந்து வைக்காதீங்க, பெட்டில பூட்டி சாவியை வேற ஆள் வச்சுக்கோங்க, மாத்திரை பட்டையையும் அப்படியே. அந்த நெனப்பு பல தடவை கொஞ்ச நேரத்துல தணியும், அந்த நேரத்துல கைக்கு எட்டற தூரத்துல எதுவும் இருக்க கூடாது. அவங்களை தனியா விடாதீங்க. "சாகணும்னு தோணுதா"ன்னு நேரா கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது தப்பான பயம்.

போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து மறைக்கறாங்க சில வீட்டுல. 2017ல வந்த மனநல பராமரிப்பு சட்டம், அப்படி முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்க கூடாது, அரசு அவங்களுக்கு சிகிச்சை குடுக்கணும்னு சொல்லுது.

தர்மபுரிலயும் கிருஷ்ணகிரிலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு. ஓபி சீட்டு வாங்கி "மனநல டாக்டரை பாக்கணும்"னு சொன்னா போதும். அந்த வரிசைல நிக்கறப்போ தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோன்னு எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு, பாத்தா அங்க எங்க ஊரு வாத்தியாரும் உக்காந்திருந்தார், ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டோம், அவ்வளவுதான். போறப்போ அந்த காலண்டர் தாளுங்களை எடுத்துட்டு போங்க, டாக்டர் முன்னாடி வாய் வராதப்போ அதை நீட்டிடலாம், எத்தனை நாளா, எப்படி தூக்கம்னு எல்லாமே அதுல இருக்கும். ஏற்கனவே போடற மாத்திரை, சுகர், பிரஷர் எல்லாத்தையும் சொல்லுங்க, குடிக்கறதையும் மறைக்காதீங்க.

மாத்திரை குடுத்தா ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும் வேலை செய்ய, முதல் சில நாள் வயித்து பெரட்டல், தூக்க கலக்கம் வரலாம், அதுக்கு பயந்து நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. நல்லாயிட்டதும் "இனி எதுக்கு"ன்னு நீங்களா நிறுத்தறதுதான் நம்ம ஊர்ல அதிகமா நடக்கற தப்பு, சரியான பிறகும் சில மாசம் தொடர்ந்து போட்டு டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா கொறைக்கணும். அடுத்த ரிவ்யூ தேதி எழுதி தருவாங்க, வீட்டுக்கு வந்ததும் அந்த தேதி தாளை தேடி ஒரு வட்டம் போட்டு, அதுல போக வேண்டிய பஸ் நேரத்தையும் எழுதி வச்சிடுங்க.